வடிவும் தொழிலும்: சேதுக்கரை நண்டின் குருதிப் புரதம்

முன்னுரை

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், இராமேசுவரம் முதலிய சேதுக்கரை ஊர்களில் நண்டும் இறாலும் நாள்தோறும் கரையேறுகின்றன. அவற்றின்கண் நிகழும் நிறமாற்றங்கள் இரண்டினை அவ்வூரார் யாவரும் அறிவர். உலையிலிட்ட நண்டு சிவக்கும். பனிக்கட்டியிடாது வைத்த இறால் தலைப்பக்கந் தொடங்கிக் கறுக்கும். முன்னது உண்பார்க்கு உவகை தருவது. பின்னது விற்பார்க்கு விலையைக் கெடுப்பது. இவ்விரண்டும் தம்முள் தொடர்பில்லாதன போலத் தோன்றினும், ஆராய்ந்து நோக்குவார்க்குப் புரதம் என்னும் பொருளின் வடிவுதிரிதலே இரண்டிற்கும் வாயிலாதல் புலனாகும்.

சிவத்தலை முதற்கண் காண்போம். இவ்வுயிர்களின் ஓட்டில் அஸ்டாசாந்தின் என்னும் செந்நிறப்பொருள் உண்டு. உயிருள்ளபொழுது அதனைப் புரதம் ஒன்று தன் மடிப்புக்குள் இறுகப் பற்றியிருத்தலின், அதன் செம்மை தோன்றாது நீலமும் பசுமையுமாய் நிறம் திரிந்து காணப்படும். வெப்பத்தால் அப்புரதம் தன் மடிப்பு குலையவே, பற்றப்பட்டிருந்த பொருள் விடுபட்டுத் தன் இயல்பான செம்மையைக் காட்டுகின்றது. இங்கு நிகழ்வது வடிவின் அழிவு. அழிந்த வடிவு மீளாது. வெந்த நண்டு மீண்டும் நீலமாதல் இல்லை.

கறுத்தலோ இதனின் வேறுபட்டது. அதன்கண் பங்குகொள்ளும் புரதங்களுள் ஒன்று தன் வடிவினை இழப்பதன்று, சிறிதே திரித்துக்கொள்கின்றது. திரியுமுன் ஒரு தொழிலும், திரிந்தபின் மற்றொரு தொழிலும் அதற்கு உளவாகின்றன. இவ்வாறு ஒரு பொருளே வடிவு திரிந்து வேறு தொழிற்கு உரியதாதலை விளக்குதலும், அதனால் தமிழ்க் கலைச்சொல்லாக்கத்திற்குப் பெறப்படும் நெறி யாதென ஆராய்தலும் இக்கட்டுரையின் நோக்கமாம். உயிர்வேதியியற் பொருள் தமிழாய்விதழில் இடம்பெறுதல் பொருந்துமோ என ஐயுறுவாரும் உளராகலாம். அறிவியலைத் தமிழிற் கற்பிக்குங்கால் சொல்லின்கண் நேரும் வழு பொருளின்கண் வழுவாய் முடிகின்றது. அதனைக் களைதல் இலக்கணங் கற்றாரது கடனாதலின், பொருந்தும் என்பதே விடையாம்.

1. நொதி என்னும் பெயர்

மா புளித்தலும் கள் பொங்குதலும் நொதித்தல் எனப்படும். அவ்வினையடியாகப் பிறந்த நொதி என்னும் பெயர் இன்று, உயிருடலின்கண் நிகழும் வேதிவினைகளை விரைவித்துத் தாம் செலவாகாது எஞ்சும் பொருள்களுக்கெல்லாம் பொதுப்பெயராய் வழங்குகின்றது. இலங்கைத் தமிழர் நொதியம் என்பர். மேலைநாட்டிலும் இதுவே நெறியாயிற்று. 1877-ஆம் ஆண்டளவில் செருமானிய அறிஞர் வில்ஹெல்ம் கூனே 'என்சைம்' என்னுஞ் சொல்லைப் படைத்தபொழுது, 'புளிமத்தின் உள்ளது' எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களையே அடிப்படையாகக் கொண்டார். புளித்தலோடு சிறிதும் தொடர்பில்லாத நொதிகள் பலவாதலின், இப்பெயர் தோற்றத்திற் காரணப்பெயராயினும் வழக்கில் இடுகுறிபோல் நிற்கின்றது. அதனால் இழுக்கொன்றும் இல்லை.

பொதுப்பெயரின் நிலை இஃதாக, ஒவ்வொரு நொதிக்கும் இடப்படும் சிறப்புப்பெயர்கள் பெரிதும் தொழில்பற்றியன. 1833-இல் பேயன், பெர்சோ என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் மாப்பொருளைச் சர்க்கரையாக்கும் பொருளொன்றை முளைத்த வாற்கோதுமையினின்று பிரித்து 'டயாஸ்டேஸ்' எனப் பெயரிட்டனர். அப்பெயரின் இறுதியாகிய 'ஏஸ்' என்பதே பின்னர் நொதிப்பெயர்கட்கெல்லாம் விகுதியாயிற்று. ஆக்சிஜனேற்றம் செய்வது ஆக்சிடேஸ். புரதத்தைச் சிதைப்பது புரோட்டியேஸ். உலக நொதி ஆணையம் 1961-இல் வெளியிட்ட அறிக்கையில் நொதிகளை வகைசெய்து எண்ணிட்டபொழுதும் வினையே அடிப்படையாயிற்று. அம்முறையில் எண் பெறுவது புரதம் அன்று; அப்புரதம் இயற்றும் வினையே என்பது ஈண்டுக் கருதத்தக்கது. ஒரு புரதத்திற்கு ஒரு வினையே உரியதாயின் இம்முறையால் இடர்ப்பாடில்லை. ஒன்று இரண்டு வினைக்கு உரியதாயவிடத்தே சிக்கல் தோன்றும்.

2. புரதத்தின் வடிவு

புரதம் என்பது இருபது வகை அமினோ அமிலங்கள் ஒன்றோடொன்று கோவைப்பட்டமைந்த நெடுஞ்சங்கிலி. எழுத்துகள் நிரல்பட நின்று சொல்லாதல்போல, இவ்வமிலங்கள் நிரல்பட நின்று புரதமாகின்றன. ஆயின் சொல்லைப்போலப் புரதம் ஒரே நேர்கோட்டில் நிற்பதன்று. மடிந்தும் சுருண்டும் தனக்கென ஒரு வடிவு கொள்ளும். அவ்வடிவில் அமையும் பள்ளமும் பிளவுமே அதன் தொழிற்களம்.

இவ்வடிவு பற்றிய கொள்கை படிப்படியாக வளர்ந்தது. 1894-இல் எமில் பிஷர் என்னும் செருமானிய அறிஞர், பூட்டிற்குத் திறவுகோல் பொருந்துமாறுபோல நொதிக்கு அதன் வினைப்பொருள் பொருந்தும் என்றார். அவ்வுவமையிற் பூட்டு அசையாது நிற்கும். 1958-இல் அமெரிக்கரான டேனியல் கோஷ்லாண்டு, வினைப்பொருள் வந்து பொருந்துங்கால் நொதியும் தன் வடிவினைத் திருத்திக்கொள்ளும் எனக் காட்டினார். 1965-இல் மோனோ, வைமன், ஷான்ழே ஆகிய மூவர், பல துணையலகுகளாற் கூடிய புரதங்கள் இறுகிய நிலை, நெகிழ்ந்த நிலை என்னும் இரண்டினுள் ஒன்றினின்று மற்றொன்றற்கு ஒருங்கே மாறும் எனவும், அம்மாற்றமே தொழிலின் மிகுதி குறைவுகளை ஆள்கின்றது எனவும் நிறுவ முயன்றனர்.

சங்கிலி எவ்வாறு வளையும், எவ்வாறு வளையாது என்னும் வினாவிற்கு விடை கண்ட பெருமை தமிழ்நாட்டிற்கு உரியது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரன், சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோர் 1963-இல் வெளியிட்ட ஆய்வில், சங்கிலியின் ஒவ்வோர் அலகிலும் இரண்டு பிணைப்புகளைச் சுற்றி நிகழும் திருப்பங்களே வடிவிற்குக் காரணம் என்பதனைக் கொண்டு, அத்திருப்பக் கோணங்களுள் இயல்வன இவை, அணுக்கள் ஒன்றோடொன்று முட்டுதலான் இயலாதன இவை என வரைபடத்தால் வகுத்துக் காட்டினர். இராமச்சந்திரன் வரைபடம் என உலகெங்கும் வழங்கும் அதுவே, புரத வடிவு எதனையும் சரிபார்க்கும் அளவுகோலாய் இன்றும் பயன்படுகின்றது. இதனாற் பெறப்படுவது யாதெனின், புரதத்தின் வடிவு வரம்புக்குட்பட்ட உரிமையுடையது என்பதாம். அது நினைத்தவாறெல்லாம் திரிவதன்று. திரியவே திரியாது நிற்பதுமன்று.

3. நண்டின் குருதி

நண்டின் குருதி நம்முடையதுபோற் செந்நிறமுடையதன்று. நம் குருதியில் இரும்பு கொண்ட ஹீமோகுளோபின் சிவப்பணுக்களுள் அடங்கியிருந்து உயிர்வளியைச் சுமக்கின்றது. நண்டு, இறால், சிங்கி இறால் ஆகியவற்றிலோ செம்பு கொண்ட புரதமொன்று அணுக்களுள் அடங்காது குருதிநீரிலேயே கரைந்து நின்று அத்தொழிலைப் புரிகின்றது. பேய்க்கணவாயின் குருதியை ஆராய்ந்த பெல்ஜிய அறிஞர் லியோன் பிரெடெரிக் 1878-இல் இவ்வகைப் புரதத்திற்கு ஹீமோசயானின் எனப் பெயரிட்டார். 'குருதி நீலம்' என்பது அதன் பொருள். உயிர்வளி கூடியபொழுது நீலமாகவும் நீங்கியபொழுது நிறமற்றும் இருத்தல் இதன் இயல்பு. நீலக்கால் நண்டின் ஓட்டில் தோன்றும் நீலம் இதனால் ஆயதன்று. முன்னர்க் கூறிய அஸ்டாசாந்தின் பற்றிய புரதத்தால் ஆயது. மாணவர் இவ்விரண்டினையும் மயங்குதல் கூடாது.

இப்புரதத்தின் அமைப்பினைச் சுருங்கக் கூறுவோம். நண்டினத்து ஹீமோசயானினின் துணையலகு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 75,000 மூலக்கூற்று எடையுடையது. ஆறு துணையலகுகள் கூடி ஓர் அறுகூட்டாகும். இவ்வறுகூட்டுகள் தனித்தும் இரட்டித்தும், சில உயிர்களிற் பன்மடங்காகியும் நிற்கும். கடலடியில் வாழும் குதிரைலாட நண்டில் எட்டு அறுகூட்டுகள் சேர்ந்து 48 துணையலகு கொண்ட பேருருவைக் காணலாம். பெயரால் நண்டாயினும் அவ்வுயிர் தேளுக்கும் சிலந்திக்கும் உறவாயது. 1989-இல் நெதர்லாந்து நாட்டறிஞர் வோல்பெடா, ஹோல் ஆகிய இருவர் கலிபோர்னியக் கடலின் சிங்கி இறால் ஒன்றினது ஹீமோசயானினைப் படிகமாக்கி, எக்ஸ்-கதிரால் அதன் வடிவினை வெளியிட்டனர். மன்னார் வளைகுடாவிற் கிடைக்கும் சிங்கி இறால்களும் பானுலிரஸ் என்னும் அப்பேரினத்தனவே.

துணையலகு ஒவ்வொன்றும் மூன்று பகுதிகளையுடையது. நடுப்பகுதியில் இரண்டு செம்பணுக்கள் எதிரெதிர் நிற்கின்றன. ஒவ்வொரு செம்பணுவையும் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் மூன்று பற்றியுள்ளன. உயிர்வளி மூலக்கூறு இவ்விரு செம்பணுக்களுக்கும் இடையே குறுக்காகக் கிடந்து தங்குகின்றது. குதிரைலாட நண்டின் புரதத்தில் உயிர்வளி இல்லாதபொழுது 4.6 ஆங்ஸ்ட்ராம் ஆக இருந்த செம்பணு இடைவெளி, உயிர்வளி கூடியபொழுது 3.6 ஆங்ஸ்ட்ராம் ஆகச் சுருங்குகின்றது. ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு. இத்துணைச் சிறிய அசைவு ஒரு துணையலகோடு நில்லாது அண்டையலகுகளுக்கும் பரவுதலின், ஓரிடத்து உயிர்வளி கூடின் ஏனையிடங்களிலும் அது கூடுதல் எளிதாகின்றது. செவுளிற் பெறுதற்கும் உடலுறுப்புகளில் விடுதற்கும் இக்கூட்டுறவு பெரிதும் துணைசெய்கின்றது. இது முதற்றொழில்.

4. சுமப்பது செய்வதாதல்

டைரோசினேஸ், கேட்டகால் ஆக்சிடேஸ் எனப்படும் நொதிகள் பலவகை உயிர்களில் உள்ளன. வெட்டிய வாழைக்காயும் கத்தரிக்காயும் கறுத்தற்கு இவ்வினத்து நொதிகளே காரணம். இவை பீனால் வகைப் பொருள்களை உயிர்வளி கொண்டு குயினோன்களாக மாற்றும். குயினோன்கள் பின்னர்த் தாமே கூடிக் கருநிற மெலனின் ஆகும். இந்நொதிகளின் தொழிற்களத்திலும் இரண்டு செம்பணுக்களும் அவற்றைப் பற்றிய ஆறு ஹிஸ்டிடின்களும் ஹீமோசயானினில் உள்ளவாறே அமைந்துள்ளன. களம் ஒன்றாக, ஒன்று உயிர்வளியைச் சுமந்து மாற்றமின்றித் திருப்பித் தருகின்றது. மற்றொன்று அவ்வுயிர்வளியைக் கருவியாகக்கொண்டு பிறிதொரு பொருளை மாற்றுகின்றது. இவ்வேறுபாடு எதனால் ஆயது?

இவ்வினாவின் வரலாற்றில் இந்தியப் பெண்மணி ஒருவர்க்கும் இடமுண்டு. பின்னாளிற் கமலா சொஹோனி என அறியப்பட்ட கமலா பாகவத், கேம்பிரிட்ஜில் ஆய்ந்த காலத்து, டெரிக் ரிக்டர் என்பாருடன் கூடி 1938-இல் விலங்குகளின் பீனால் மாற்றும் நொதிகள் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். ஹீமோசயானினும் அத்தொழிலைச் செய்யவல்லது என்னும் கருத்திற்கு முன்னோடியாக அக்கட்டுரை எடுத்துக்காட்டப்படுகின்றது. அவர் 1939-இல் முனைவர் பட்டம் பெற்று, இந்திய அறிவியற் பெண்டிருள் முன்வரிசையில் வைத்து எண்ணப்படுபவர். சென்னைப் பல்கலைக்கழக விலங்கியலறிஞர் ஜி. கிருஷ்ணன் 1951-இல் வெளியிட்ட ஆய்வும் ஈண்டு நினையத்தக்கது. தோலுரித்த நண்டின் மென்புறத்தோடு பீனால் பொருள்களாற் பதப்பட்டுக் கெட்டியாதலை அவர் ஆராய்ந்தார். கெட்டியாக்கும் அவ்வினையில் ஹீமோசயானினுக்கும் பங்குண்டு என்பது பின்வந்த ஆய்வாளர் சிலர் கருத்து.

உறுதியான சான்று அறுபது ஆண்டு கழித்தே கிடைத்தது. 1998-இல் செருமனியின் ஹைன்ஸ் டெக்கரும் ரிம்கேயும், பெருஞ்சிலந்தி ஒன்றின் ஹீமோசயானினைச் செரிமான நொதியால் ஒருமுனையிற் சிறிதே நறுக்கியபொழுது, அதுவரை உயிர்வளியை மட்டும் சுமந்த அது பீனாலை மாற்றத் தொடங்கியதைக் கண்டனர். 2000-இல் ஜப்பானியரான நகாயும் கவபாதாவும், குதிரைலாட நண்டின் குருதி உறைதற்குக் காரணமான நொதி ஹீமோசயானினோடு கூடியபொழுது, எதனையும் நறுக்காமலே அதனைப் பீனால் மாற்றும் நொதியாக்குதலைக் காட்டினர். நறுக்காமல் நிகழ்ந்த மாற்றமாதலின் அது வடிவின் மாற்றமே என்பது பெறப்பட்டது.

5. வடிவு திரியும் வகை

படிக ஆய்வுகளால் விடை தெளிந்தது. ஹீமோசயானினின் செம்புக்களத்திற்குச் செல்லும் வாயிலில், முதற்பகுதியைச் சேர்ந்த பினைல் அலனின் என்னும் அமினோ அமிலம் ஒன்று தன் வளையத்தை நீட்டி அடைத்துக்கொண்டு நிற்கின்றது. குதிரைலாட நண்டின் புரதத்தில் அது 49-ஆம் இடத்தது. உயிர்வளி மூலக்கூறு சிறிதாதலின் உட்புகும். பீனால் பெரிதாதலின் புகலாகாது. பீனால் வந்து அமரவேண்டிய இடத்திலே அதனையொத்த வளையமொன்று முன்னரே அமர்ந்திருத்தல் வியப்பிற்குரியது. ஆதலின் ஹீமோசயானின் தொழிலறியாத பொருளன்று. தொழில் தடுக்கப்பட்ட பொருள் என்க.

அத்தடை நீங்கும் வகை இரண்டு. தடைநிற்கும் பகுதியையே நறுக்கி நீக்குதல் ஒன்று. அப்பகுதியைத் திருப்பி அகற்றுதல் மற்றொன்று. பின்னதனை நேரிற் காட்டிய ஆய்வு 2009-இல் வெளிவந்தது. அமெரிக்க, செருமானிய ஆய்வாளர் கூடி, ஆப்பிரிக்கப் பெருந்தேள் ஒன்றின் 24 துணையலகு கொண்ட ஹீமோசயானினைச் சவர்க்காரத் தன்மையுடைய சோடியம் டோடெசில் சல்பேட்டு என்னும் பொருளாற் சிறிதளவிலே தூண்டி, உறைநிலை மின்னணு நுண்ணோக்கியால் நோக்கினர். துணையலகின் முதற்பகுதி ஏனை இரு பகுதிகளினின்றும் விலகித் திரும்பியிருத்தலும், அதனால் வாயில் திறந்திருத்தலும் கண்டனர். செம்புக்களம் முன்னிருந்தவாறே உளது. வாயில் ஒன்றே வேறுபட்டது, தொழிலும் வேறாயிற்று.

6. பூட்டின் இன்றியமையாமை

சேதுக்கரையார் இதனைப் பாம்பன் பாலத்தோடு ஒப்புநோக்கி எளிதின் உணரலாம். 1914-இல் திறக்கப்பெற்ற பழைய பாலத்தின் நடுக்கண் இரண்டு இதழ்களாய் அமைந்தது. இதழ்கள் படிந்து கிடந்தபொழுது புகைவண்டி செல்லும். அவை மேலெழுந்தபொழுது கப்பல் செல்லும். இரும்பு ஒன்றே, நிலை இரண்டு, பயனும் இரண்டு. ஒரே பொழுதில் இரண்டும் நிகழ்தல் இல்லை. இதழை எழுப்புதற்கு உரிய காலமும் ஆணையும் வேண்டும். அவையின்றி எழுமாயின் கேடு விளையும்.

ஹீமோசயானினுக்கும் அவ்வாறே. நண்டினத்தின் குருதிநீர்ப் புரதத்திற் பெரும்பகுதி இதுவே. இவ்வளவும் எப்பொழுதும் பீனாலை மாற்றிக்கொண்டிருக்குமாயின், விளையும் குயினோன்களின் நச்சுத்தன்மையால் அவ்வுயிரே மாளும். ஓடு உடைந்து புண்பட்டவிடத்தும் நுண்ணுயிர் புகுந்தவிடத்தும் அந்நச்சே மருந்தாகின்றது. மெலனின் புண்வாயை அடைக்கின்றது. ஆதலின் தொழிலைத் தடுத்துவைத்தலும் வேண்டிய பொழுதிற் கட்டவிழ்த்தலும் ஒருங்கே இன்றியமையாதனவாயின. இறந்த இறாலில் இவ்வடக்கத்தை ஆள்வார் இலர். உறுப்புகள் சிதைந்து செரிமான நொதிகள் பரவ, தடைகள் நீங்கிக் கருமை படர்கின்றது. பனிக்கட்டியின் குளிர் இவ்வினையின் விரைவைக் குறைக்கும், முற்றும் நிறுத்தாது. ஆதலின் பிடித்தவுடன் பனிக்கட்டியிடும் பரதவரின் விரைவு வெறும் பழக்கமன்று. வினையின் தன்மை அறிந்த செயல்.

ஈண்டு ஒரு வரையறை கூறல் வேண்டும். நண்டு, இறால் ஆகியவற்றின் குருதியணுக்களில் பீனாலை மாற்றுதற்கென்றே தனியொரு நொதியும் உண்டு. எனவே கருமை முழுவதற்கும் ஹீமோசயானினே காரணம் என்றல் மிகையாம். சிலந்தி, தேள், குதிரைலாட நண்டு ஆகியவற்றிலோ அத்தனிநொதி காணப்படாமையின், அத்தொழிற்கு ஹீமோசயானினே உரியதென ஆய்வாளர் கொள்வர். ஒரு தொழிலை ஓரினத்தில் இருவர் பகிர்ந்துகொள்ள, மற்றோரினத்தில் ஒருவரே இருதொழிலும் ஏற்றமை காண்க.

7. கணவாயும் சங்கும்

சேதுக்கடலிற் சங்கும் கணவாயும் மிகுதி. சங்கு நத்தையினத்தைச் சார்ந்தது. நத்தையினமும் கணவாயினமும் அடங்கிய மெல்லுடலிகளின் குருதியிலும் ஹீமோசயானின் என்னும் பெயருடைய புரதம் உளது. பெயர் ஒன்றாயினும் உடல் வேறு. நண்டினத்ததுபோல் அறுகூட்டாக அமையாது, மிக நீண்ட துணையலகுகள் பத்துப் பத்தாகக் கூடி உள்ளீடற்ற உருளையாய் அமைந்தது அது. மடிப்பும் வேறு, தோற்றவழியும் வேறு. இரண்டிற்கும் பொதுவானது இரட்டைச் செம்பணு உயிர்வளியைப் பற்றும் முறையொன்றே. அவற்றினும் ஓர் அமினோ அமிலம் வாயிலை அடைத்து நிற்கின்றது. ஆயின் அது பினைல் அலனின் அன்று, லியூசின். நிற்பதும் முதற்பகுதியிலன்று, இறுதிப்பகுதியில். அத்தடை நீங்கியபொழுது இதுவும் பீனாலை மாற்றுகின்றது.

இதற்கும் பாம்பனே உவமையாகும். பழைய பாலத்தில் 2022 டிசம்பரிற் புகைவண்டிப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 6-ஆம் நாள் திறக்கப்பெற்ற புதிய பாலத்தில் நடுக்கண் இரண்டாகப் பிளவாது, 72.5 மீட்டர் நீளமுடைய ஒரே துண்டாய் நேரே மேலெழுகின்றது. அசையும் வகை வேறு, பயன் ஒன்றே. வேறுவேறு அமைப்புகள் ஒரே தேவையால் ஒரே முடிவிற்கு வந்து சேர்தல் பொறியியலிற்போல உயிரியலிலும் உண்டு.

நண்டினத்திற்கு அப்பாலும் இத்தகைய புரதங்கள் உள. நம் உடலணுக்களில் அகோனிடேஸ் என்னும் நொதி ஒன்று, தன்னகத்துள்ள இரும்பு-கந்தகத் தொகுதியை இழந்தபொழுது வடிவு விரிந்து, ஆர்.என்.ஏ. இழையைப் பற்றி இரும்பின் அளவை ஆளும் காவலாய் மாறுகின்றது. ஒரு பொருள் ஒரு தொழில் என்னும் பழைய எண்ணம் நெகிழ்ந்துவருதற்கு இவை போல்வன சான்றாம்.

8. இலக்கண நோக்கு

வடிவின் சிறு திரிபு தொழிலின் பெருந்திரிபாதல் தமிழ் கற்றார்க்குப் புதிதன்று. அடங்கு, திருந்து, உருகு என்பன தன்வினை. அடக்கு, திருத்து, உருக்கு என்பன பிறவினை. மெல்லெழுத்து வல்லெழுத்தாதலும் வல்லெழுத்து இரட்டித்தலும் ஆகிய சிறு மாற்றமே நிகழ்ந்தது. 'குதிரை அடங்கிற்று' என்னுமிடத்துச் செயப்படுபொருள் வேண்டப்படாது. 'பாகன் குதிரையை அடக்கினான்' என்னுமிடத்து அஃது இன்றியமையாதது. கெடு கேடாதலும், சுடு சூடாதலும், பெறு பேறாதலும் வினை முதனிலை திரிந்து பெயராகும் வகையாம். ஈண்டெல்லாம் வேர்ப்பொருள் மாறாது. சொல் தொடரில் ஆற்றும் பணியே மாறுகின்றது. ஹீமோசயானினும் செம்புக்களம் மாறாது வாயில் திரிந்து, பிறிதொரு பொருளைச் செயப்படுபொருளாக ஏற்கும் நிலை எய்துகின்றது.

இவ்வொப்புமையை அளவிறந்து நீட்டலாகாது. அடங்கு, அடக்கு என்னும் இரண்டும் வழக்கில் ஒருங்கே நிலவுவன. புரத மூலக்கூறு ஒன்றோ ஒருபொழுதில் ஒருநிலையிலேயே நிற்கும். நறுக்கப்பட்டது மீண்டும் பழைய நிலை எய்தாது. எனினும் பெயரிடும் நெறிக்கு இவ்வொப்புமை வழிகாட்டுகின்றது.

9. கலைச்சொல்லுக்கு ஒரு நெறி

சேலத்தில் 1916-இல் இராசாசியும் வெங்கடசுப்பையரும் முன்னின்று அறிவியற் சொல்லாக்கத்திற்கென ஒரு கழகம் கண்ட காலந்தொட்டு, தமிழறிஞர் தொழில்பற்றிய பெயர்களை விரும்பியே வந்துள்ளனர். வினையூக்கி, கடத்தி, மின்மாற்றி என இகர விகுதி பெற்ற பெயர்கள் கேட்டவுடன் பொருள் விளங்குவன, மாணவர்க்கு இனியன. இம்முறையிற் பீனாலை ஆக்சிஜனேற்றும் நொதியைப் 'பீனாலேற்றி' என்றாற் குற்றமில்லை. ஆயின் நண்டின் குருதிப் புரதத்தையும் அது தொழில் மாறியபொழுது அப்பெயராலேயே வழங்குவோமாயின், ஹீமோசயானின் ஒன்று, பீனாலேற்றி மற்றொன்று என இரு பொருள்கள் உளவாக மாணவர் கொள்வர். குருதியணுக்களில் உண்மையாகவே தனித்துள்ள நொதிக்கும் இதற்கும் வேறுபாடு தோன்றாது. சொல்லின் எளிமை ஈண்டுப் பொருளை மறைக்கின்றது.

எனவே மூன்று விதிகளை ஆய்வாளர் முன் வைக்கின்றேன். ஒன்று: பொருளின் உடலைக் குறிக்கும் பெயர் அது எத்தொழிலில் நிற்பினும் மாறாதிருத்தல் வேண்டும். இரண்டு: தொழிலைப் பெயரெச்சத்தால் அடையாக்கி அவ்வுடற்பெயரோடு புணர்த்தல் வேண்டும். 'உயிர்வளி சுமக்கும் ஹீமோசயானின்', 'பீனாலேற்றும் ஹீமோசயானின்' என்னும் தொடர்களில் ஒரே பெயர் இரண்டு எச்சங்களுக்கும் முடிக்குஞ்சொல்லாய் நிற்றலின், பொருள் ஒன்று என்பதும் நிலை இரண்டு என்பதும் ஒருங்கே விளங்கும். மூன்று: இகர விகுதி பெற்ற தனிப்பெயரை, அத்தொழிற்கென்றே அமைந்த தனிப்புரதத்திற்கு மட்டும் உரியதாக்கல் வேண்டும். அதனாற் குருதியணுவின் நொதி 'பீனாலேற்றி' எனவும், தொழில் மாறிய குருதிநீர்ப் புரதம் 'பீனாலேற்றும் ஹீமோசயானின்' எனவும் தம்முள் மயங்காது நிற்கும்.

தொடர் நீளுமே எனின், நீளுதல் உண்மை. ஆயின் ஈரசை மிகுதலால் ஓர் ஐயம் தீருமாயின் அது மிகையன்று. மேலும் பெயரெச்சம் காலம் காட்டவல்லது. 'பீனாலேற்றிய', 'பீனாலேற்றுகின்ற' என வேண்டியவாறு வேறுபடுத்தி, மாற்றம் முடிந்ததா நிகழ்வதா என்பதனையும் சொல்லிலேயே காட்டலாம். 'ஏஸ்' விகுதிபெற்ற மேலைப்பெயர்கட்கு அவ்வாற்றல் இல்லை.

முடிவுரை

சேதுக்கரை நண்டின் குருதிப் புரதம் இரட்டைச் செம்பணுவால் உயிர்வளியைச் சுமப்பது. தன் ஒரு பகுதி திரும்பி வாயில் திறந்தபொழுது அச்செம்பணுவாலேயே பீனாலை மாற்றுவது. தொழில் பொருளில் மட்டும் உறைவதன்று; பொருள் கொள்ளும் நிலையிலும் உறைவது. நண்டினை அலவன், ஞெண்டு, நள்ளி எனப் பல பெயரால் வழங்கிய நம் முன்னோர் ஒரு பொருட்குப் பல சொல் உளவாதலையும், ஒரு சொற்குப் பல பொருள் உளவாதலையும் நிகண்டுகளில் தனித்தனித் தொகுதிகளாக்கி வைத்தனர். ஒரு பொருட்குப் பல தொழில் உளவாதலைக் குறிக்கும் சொன்முறையை வகுத்தல் இக்காலத்தார்க்கு எஞ்சிய கடமை. மண்டபத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டல நிலையம் தொடர்ந்து பணியாற்றிவருகின்றது. 1947-இல் தோன்றிய அந்நிலையம் 1970-களின் தொடக்கத்தில் தலைமையிடம் கொச்சிக்கு மாறுமளவும் மண்டபத்திலிருந்தே இயங்கியது. அத்தகைய ஆய்விடங்களிற் பணிபுரிவாரும் தமிழ்த்துறையாரும் கூடியிருந்து, பொருளை அவர் விளக்க, சொல்லை இவர் ஆராய்வராயின், பரதவர் மக்களும் தம் வலையிற் பட்ட நண்டின் அறிவியலைத் தம் மொழியிலேயே ஐயமறக் கற்பர். மேற்கூறிய விதிகளின் பொருத்தத்தைப் பிற புரதங்களிலும் வைத்து ஆராய்ந்து காண்பது முதுகலை மாணவர்க்கு ஏற்றதொரு பணியாம்.